நாட் அவுட் சொன்னவன் நான்

எண்பத்தேழு. போன வருஷம் ஜில்லாவிலேயே பெரிய ஆவரேஜ் எங்கள் கிளப் பையனுடையது. எட்டு மேட்ச் ஆடி ஐந்தில் தோற்றோம்.

அவ்வளவுதான் விஷயம். இதைக் கேட்கத்தானே வந்தீர்கள்?

உட்காருங்கள். அந்த ஸ்டூல் ஆடும், இதில் உட்காருங்கள். மாப்பிள்ளை விசாரிக்க வந்தவர் வந்த உடனே அதைச் சொல்லவேண்டும். கீல் என்ன விலை, தாழ்ப்பாள் என்ன விலை என்று கால்மணி நேரம் என்னைச் சுற்றவிட்டீர்கள். ஆத்தூரில் இரும்புக்கடையே கிடையாதா? தாழ்ப்பாள் வாங்க யாராவது ஆத்தூரில் இருந்து சேலத்துக்கு, அதுவும் இந்தக் குகைப் பகுதிக்கு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வருவானா? பார்த்த உடனே தெரிந்துவிட்டது எனக்கு. பெண்ணைப் பெற்றவர் முகம் தனியாகத் தெரியும்.

அந்தப் பேப்பரைக் கொடுங்கள். தரகர் கொடுத்ததா? ம். வயது இருபத்தேழு, சரி. மெடிக்கல் ஷாப்பில் வேலை, சரி. அப்பா இல்லை, அம்மா மட்டும், சரி. சிறந்த கிரிக்கெட் வீரர், ஆவரேஜ் எண்பத்தேழு.

இது போன வருஷத்துக் கணக்கு. அதுவும் முழு வருஷம் இல்லை, எட்டு மேட்ச் வரைக்கும். ஒன்பதாவது மேட்ச்சை விட்டுவிட்டார் உங்கள் தரகர். ஒன்பதாவதில்தான் எல்லாமே இருக்கிறது.

பேரைச் சொல்லிக் கேட்காதீர்கள். அந்த மேட்ச்சுக்கு அப்புறம் அவன் பேரை நான் வாயால் சொல்வதில்லை. அவன் என்றால் புரியும், இல்லையா? போதும்.

ஆவரேஜ் என்றால் என்ன என்று தெரியுமா? தெரியாது. டிவியில் பார்ப்பீர்கள், சிக்ஸருக்குக் கைதட்டுவீர்கள். அது தெரிந்ததாக ஆகாது. ஒருத்தன் அடித்த ரன்னையெல்லாம் கூட்டவேண்டும். அவன் எத்தனை தடவை அவுட் ஆனானோ அதால் வகுக்கவேண்டும். எத்தனை தடவை ஆடினான் என்பதால் இல்லை. எத்தனை தடவை அவுட் ஆனான் என்பதால். நன்றாகக் கவனியுங்கள், இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். அவன் எட்டு மேட்ச் ஆடினான். இருநூற்று அறுபத்தொரு ரன். எட்டால் வகுத்தால் முப்பத்துச் சொச்சம், எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். ஆனால் அவன் அவுட் ஆனது மூன்றே தடவை. மூன்றால் வகுத்தால் எண்பத்தேழு. நாட் அவுட்டாக நிற்க நிற்க ஏறும். அதுதான் அதன் அழகு.

என்ன வேணும்ப்பா? இரண்டு இஞ்ச் ஆணி அரைக் கிலோவா? உள்ளே இடதுபக்கம் டப்பா. நீயே அள்ளித் தராசில் வை. பேசிக்கொண்டிருக்கிறேன், தெரியவில்லையா?

எங்கே விட்டேன்? ஆவரேஜ். அதற்கு இந்த ஜில்லாவில் ஒரு கோப்பை இருக்கிறது. அங்கமுத்து நினைவுச் சுழற்கோப்பை. வருஷா வருஷம் பெரிய ஆவரேஜ் வைத்திருப்பவனுக்கு. அங்கமுத்து என் அப்பா. கோப்பை நான் கொடுத்தது. அப்பாவுக்குக் கிரிக்கெட் பிடிக்காது, அது வேறு விஷயம். கோப்பை கொடுக்க ஆரம்பித்த நாளில் இருந்து ஒவ்வொரு வருஷமும் என் கையாலேயே எடுத்து எவனோ ஒருத்தனுக்குக் கொடுக்கிறேன். நெத்திமேட்டுக்காரன் வாங்கினான், கொண்டலாம்பட்டிக்காரன் வாங்கினான், ஓமலூரில் இருந்து வந்து ஒருத்தன் வாங்கினான். எங்கள் கிளப்புக்கு ஒரு தடவை வந்ததா? வரவில்லை. என் அப்பா பேர் எழுதின கோப்பை என் கடைக்கு ஒருநாள் வந்து உட்காரவில்லை. வயிறு எரியுமா எரியாதா?

நான்தான் கிளப்புக்குச் செக்ரட்டரி. இருபத்திரண்டு வருஷம். யார் முதலில் இறங்குவது, யார் கடைசியில் என்று போர்டில் எழுதுவது நான். ஆவரேஜ் பார்த்து எழுதுவேன். பெரிய ஆவரேஜ் மேலே, சின்ன ஆவரேஜ் கீழே. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று எவனுக்கும் சலுகை கிடையாது. இதற்குப் போய் இந்த ஊர்க்காரர்கள் என் கடைக்கு ஆவரேஜ் கடை என்று பேர் வைத்திருக்கிறார்கள். பஸ் ஸ்டாப்பில் நீங்களும் அப்படித்தானே கேட்டு வந்தீர்கள்? சிரிக்காதீர்கள். வெளியே பெரிசாகப் போர்டு இருக்கிறது, அர்த்தநாரி ஹார்டுவேர்ஸ் என்று. ஒருத்தனும் படிப்பதில்லை.

சரி. அவன் விஷயத்துக்கு வருகிறேன்.

சீசன் ஆரம்பத்தில் அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். டேய், தலையைக் குனிந்து நில். அடிக்கிறவன் அவுட் ஆவான். அவுட் ஆகிறவனுக்கு ஆவரேஜ் கிடையாது. நீ நின்றால் கோப்பை நமக்கு. கோப்பை வாங்கினவனை ஜில்லா டீமில் எடுத்துத்தான் ஆகவேண்டும், அது வழக்கம். உனக்கும் நல்லது. சரிங்கய்யா என்றான். அப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் சரிங்கய்யாதான்.

நின்றான். நான் இல்லை என்று சொல்லவில்லை. பிட்ச்சில் போட்ட தேங்காய்நார் விரிப்பின்மேல் ஆணி அடித்த மாதிரி நின்றான். எங்கள் லீக்கில் முப்பது ஓவர்தான். முப்பது ஓவரும் நிற்பான். கடைசி ஓவரில் ஆறு ரன் வேண்டும், மூன்று விக்கெட் கையில் இருக்கிறது என்றால், எவனாக இருந்தாலும் தூக்கி அடிப்பான். இவன் தட்டினான். தட்டித் தட்டி நாலு ரன்னில் தோற்றோம். அவன் முப்பத்தெட்டு நாட் அவுட். ஒரு ஓட்டத்துக்கு வா என்று கத்துவான். எதிரில் நிற்கிறவன் பாதி தூரம் வந்ததும் போ என்பான். வந்தவன் திரும்புவதற்குள் அங்கே குச்சி விழுந்திருக்கும். இப்படி ஆறு பேர். ஆறு பேரும் அவுட், அவன் நாட் அவுட்.

இப்படி ஆடினால் டீம் எப்படி ஜெயிக்கும்? நீங்களே சொல்லுங்கள். அவனால்தான் தோற்றோம்.

நான் கண்டிக்கவில்லையா என்றால்? எதற்குக் கண்டிக்கவேண்டும்? அவன் தன் வேலையைச் செய்தான். ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் கடைக்கு வருவான். தட்டிக்கொடுத்தேன், டீ வாங்கிக்கொடுத்தேன். ஆவரேஜ் ஏறினால் தட்டிக்கொடுக்கத்தான் வேண்டும். தோற்றதற்குத் திட்டவேண்டியது மற்ற பத்துப் பேரை. திட்டினேன். ரன் அவுட் ஆகிறவனுக்குக் கண் எங்கே போயிற்று?

அதோ அந்தச் சுவர்த் தட்டைப் பாருங்கள். கல்லாவுக்கு மேலே, டியூப்லைட்டுக்கு நேர் கீழே. காலியாக இருக்கிறதே, அதுதான். எண்பத்தேழு வந்த அன்றைக்குத்தான் கோப்பை வைக்க அதை அடித்தேன். பித்தளை ஸ்க்ரூ.

ஐந்தாவது தோல்வி ஆத்தூரில், உங்கள் ஊரில்தான். திரும்பி டெம்போவில் வருகிறோம். கலீல் என்று ஒருத்தன். லைன்மேட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். இறங்கினால் பத்துப் பந்து, பதினைந்து பந்து, வாணம் விட்ட மாதிரி இருபது ரன் அடித்துவிட்டு அவுட் ஆகி வந்துவிடுவான். ஆவரேஜ் பத்தொன்பது. பத்தொன்பதை வைத்துக்கொண்டு மூன்றாவதாக இறக்கு, மூன்றாவதாக இறக்கு என்று மூன்று வருஷமாக என்னை அரித்துக்கொண்டிருந்தான். ஒன்பதாவதாகத்தான் இறக்கினேன். அன்றைக்கும் அவனுடைய 'வா'வைக் கேட்டு ஓடி, 'போ'வைக் கேட்டுத் திரும்பி, கலீல் ரன் அவுட். டெம்போவில் கலீல்தான் ஆரம்பித்தான்.

"மாப்ளே, நீ நூறு வருஷம் நாட் அவுட்டாவே இருடா. எங்க கபர் குழிக்கு மண்ணு தள்ள ஒரு ஆளு வேணும்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர்கூடச் சிரித்தான். அவன் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். நான் சொன்னேன், ஏன் கலீல், மண் தள்ள ஆள் இருந்தால் நல்லதுதானே என்று. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அந்த வாரம் அவன் கடைக்கு வரவில்லை.

ஒன்பதாவது மேட்ச். நெத்திமேட்டுடன், காலேஜ் மைதானத்தில். அதில் தோற்றால் எங்கள் கிளப் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கும். என் அப்பா காலத்து கிளப். இறங்கினால் கல்லும் முள்ளும் கிடக்கிற மைதானத்தில் ஆடவேண்டும், நல்ல பையன் ஒருத்தன் தங்கமாட்டான். இது ஒரு பக்கம். நெத்திமேட்டுக்குக் கேப்டன் எட்வின். அன்றைக்கு ஆடி முடித்ததும் எட்வின் ஆவரேஜ் எழுபத்துநாலு. ஜில்லாவில் இரண்டாவது. எங்கள் ஆளுக்குப் பக்கத்தில் இருப்பவன் அவன் ஒருத்தன்தான். இது இன்னொரு பக்கம். எனக்கு இரண்டும் வேண்டும். ஆசைப்படக்கூடாதா?

இதோ பாருங்கள், எங்கள் லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. பவுலர் பக்கத்து அம்பயரைச் சங்கம் அனுப்பும். ஓரத்தில் நிற்கிற லெக் அம்பயரைப் பேட் செய்கிற டீமே கொடுக்கவேண்டும். இரண்டு அம்பயருக்கும் படி கொடுக்கச் சங்கத்துக்கு வசதியில்லை. அன்றைக்கு நாங்கள் பேட் செய்யும்போது அம்பயர் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றது நான். வேறு யாரையாவது நிற்கச் சொல்லுங்கள் என்று கலீல் சொன்னான். நீ ஆடுகிற வேலையைப் பார் என்றேன்.

அவர்கள் நூற்று எழுபத்தொன்று. நாங்கள் ஏழு விக்கெட் போய் நூற்று இருபத்தொன்பது. அவன் ஒரு பக்கம் நிற்கிறான், இருபத்தைந்து ரன்னோ என்னவோ. ஒன்பதாவதாகக் கலீல் வந்தான். வந்த உடனே இரண்டு பவுண்டரி. அடித்துக்கொண்டே இருந்தான். மூன்று ஓவருக்குக் கொஞ்சம் மேலே பாக்கி, இருபத்திரண்டு ரன் வேண்டும். எங்கள் ஆள் இருபத்தேழு.

நான் ஓரத்தில் நின்று மனக்கணக்குப் போட்டேன். இருநூற்று அறுபத்தொன்றும் இருபத்தேழும் இருநூற்று எண்பத்தெட்டு. நாட் அவுட்டாக நின்றால் மூன்றால் வகுக்கவேண்டும், தொண்ணூற்றாறு. அவுட் ஆனால் நாலால் வகுக்கவேண்டும், எழுபத்திரண்டு. எட்வினுக்கு எழுபத்துநாலு. புரிகிறதா? ஒரே ஒரு அவுட். இந்தப் பக்கம் தொண்ணூற்றாறு, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

ஓவர் மாறும்போது அவன் பக்கத்தில் நடந்து போய்ச் சொன்னேன். "போதும்டா. இதோட நில்லு. தொண்ணூத்தாறு."

"ஜெயிக்கணுமுங்கய்யா."

"அத கலீல் பாத்துக்குவான். தோத்தா கலீலால தோத்தோம். நீ நில்லு."

கலீல் காதில் விழுந்துவிட்டது. "அம்பயர் சார், அந்தக் கோட்டுல அத்தனை பாக்கெட் இருக்குதே, ஒண்ணுல வாயப் போட்டு வச்சுக்குங்க" என்றான். மரியாதை கிடையாது. வெல்டிங் பட்டறையில் என்ன மரியாதை இருக்கும்?

அடுத்து வந்த ஓவரின் கடைசிப் பந்து. கலீல் ஆடுகிறான். அவன் எதிர்முனையில், பவுலர் பக்கம். கலீல் தட்டிவிட்டு வா என்று கத்தி ஓடி வந்துவிட்டான். அங்கே ரன்னே கிடையாது. பந்து நேராக எட்வின் கைக்குப் போகிறது. கலீல் பாதிக்கு வந்துவிட்டான், திரும்ப முடியாது. அவன் க்ரீஸ் கோட்டுக்குள் நிற்கிறான். நின்ற இடத்தில் நின்றால் போதும். கலீல் அவுட், அவன் நாட் அவுட், தொண்ணூற்றாறு. சீசன் முழுக்க அதைத்தானே செய்தான்?

என்னைப் பார்த்தான். நில் என்று கையைக் காட்டினேன். அம்பயர் கையைக் காட்டக்கூடாதாம், பிறகு கேட்டார்கள். கொசு ஓட்டினேன் என்றேன்.

ஓடினான்.

கலீலைத் தாண்டி என் பக்கம் ஓடி வருகிறான். தாண்டும்போது அவன் சொன்னது எனக்குக் கேட்டது. "போங்கண்ணே, அடுத்த ஓவர் உங்களுது." புரிகிறதா உங்களுக்கு? இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தாண்டிவிட்டால், எந்தப் பக்கம் குச்சி விழுகிறதோ அந்தப் பக்கம் ஓடுகிறவன்தான் அவுட். கலீல் தப்பித்தான். ஓவர் முடிந்தது, அடுத்த ஓவரை ஆடப்போவது கலீல். எட்வின் எறிந்தான், கீப்பர் பிடித்தான், குச்சியைத் தட்டினான். என் பக்கம். தீர்ப்பு நான் சொல்லவேண்டும்.

நெத்திமேட்டுக்காரர்கள் பதினோரு பேரும் என்னைப் பார்த்துக் கத்தினார்கள்.

நான் நாட் அவுட் என்றேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? சட்டம் அதுதான். சந்தேகம் இருந்தால் பேட்ஸ்மேனுக்குச் சாதகமாகச் சொல்லவேண்டும். எவ்வளவு தூரம் என்றால்? குச்சி விழும்போது பேட் க்ரீஸ் கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே இருந்திருக்கலாம். ஒரு சாண். அவர்கள் இரண்டு முழம் என்பார்கள். எட்வின் என்ன கத்தினான் தெரியுமா?

"யோவ் பெருசு! அவன் இன்னும் வந்துக்கிட்டே இருக்கான்யா!"

வந்துகொண்டுதான் இருந்தான். அதற்கு நான் என்ன செய்வது? சீக்கிரம் கேட்டார்கள், சீக்கிரம் சொன்னேன்.

எட்வினுக்குக் கோப்பை ஆசை. இவன் அவுட் ஆனால் கோப்பை அவனுக்கு, கத்தாமல் என்ன செய்வான்? ஒரு கோப்பைக்காக மனுஷன் எவ்வளவு கீழே இறங்குவான் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டீமைக் கூட்டிக்கொண்டு மைதானத்தை விட்டு இறங்கப்போகிறேன் என்றான். மேட்ச் நின்றால் விவகாரம் சங்கத்துக்குப் போகும். சங்கத்தில் பாதிப்பேர் நெத்திமேடு. சங்கத்து அம்பயர் வையாபுரி ஓடி வந்தார். மெதுவாகப் பேசுகிற ஆள்.

"என்னங்க இது?"

"சந்தேகத்தின் பலன் பேட்ஸ்மேனுக்கு" என்றேன்.

"யாருக்குங்க சந்தேகம்?"

"எனக்கு."

அவர் திரும்பி அவனைப் பார்த்தார். அவன் கிளவுஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். "அவுட்டுங்க சார்" என்றான். சொல்லிவிட்டு நடந்தான்.

இதைத்தான் நான் கேட்கிறேன். அம்பயர் நாட் அவுட் என்று சொன்னபிறகு நடந்துபோக அவன் யார்? தீர்ப்புச் சொல்ல நான் இருக்கிறேன், கோட்டுப் போட்டிருக்கிறேன். இருபத்திரண்டு வருஷச் செக்ரட்டரி. எதிர் டீம் என்னை மதிக்கவில்லை, சரி. என் பையன் மதிக்கவேண்டாமா? உங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து, நீங்கள் ஒன்று சொல்லி, அவன் வேறொன்று செய்தால் பொறுப்பீர்களா?

அப்போதும் நான் விடவில்லை. காலில் அடிபட்டு வெளியே போனால் அது அவுட் கணக்கில் சேராது. அதனால் ஸ்கோரரைப் பார்த்துக் கத்தினேன். "அவனுக்குக் கால் சுளுக்கு! சுளுக்குன்னு எழுது!"

அவன் திரும்பிப் பார்த்தான். "காலு நல்லா இருக்குதுங்கய்யா" என்றான்.

சொன்னதோடு விட்டானா? அங்கிருந்து வேப்பமரம் வரைக்கும் ஓடிக்காட்டினான். பேடு கட்டின காலோடு. மைதானம் முழுக்கச் சிரிக்கிறது. கீப்பர் தரையில் உட்கார்ந்துவிட்டான். வையாபுரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எவ்வளவு திமிர் பாருங்கள்.

அடுத்த ஓவரைக் கலீல் ஆடினான். ஆடினான் என்றா சொல்வது? பட்டறையில் இரும்பை அடிக்கிற மாதிரி அடித்தான். ஒரு பந்து காலேஜ் காம்பவுண்டைத் தாண்டிப் போய் விழுந்தது, கிடைக்கவே இல்லை. ஒரு ஓவர் பாக்கி இருக்கும்போதே ஜெயித்துவிட்டோம். டிவிஷன் தப்பித்தது.

கலீலைத் தூக்கப்போனார்கள். கலீல், என்னை விடுங்கடா என்று சொல்லிவிட்டு நேராக வேப்பமரத்தடிக்குப் போய் அவனைத் தூக்கினான். எல்லோரும் தூக்கினார்கள். எட்வின்கூடப் போய்க் கைகொடுத்தான். நான் போகவில்லை. அம்பயர் கோட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

என்னம்மா, கொக்கியா? ஊஞ்சல் கொக்கியா, கொடிக்கம்பிக் கொக்கியா? பெரியதா சின்னதா? போய் வீட்டில் கேட்டுக்கொண்டு வா. எதற்கு என்றே தெரியாமல் கொக்கி வாங்க வந்துவிடுகிறார்கள்.

அப்புறம் என்ன? பரிசளிப்பு விழா. கோப்பையை என் கையால் எட்வினுக்குக் கொடுத்தேன். குனிந்து வாங்கிக்கொண்டு காதோரம், "ஐயா, அடுத்த வருஷமும் நீங்களே நில்லுங்க" என்றான். நக்கல். ஜில்லா டீமுக்கு எட்வினை எடுத்தார்கள். எழுபத்துநாலு. எழுபத்திரண்டை எடுக்கவில்லை. நான் சொன்னேனா இல்லையா?

சங்கத்தில் இனிமேல் என்னை லெக் அம்பயராக நிற்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வயதாகிவிட்டதாம். கண் பார்வை சரியில்லையாம். என் கண்ணுக்கு என்ன? இங்கே இருந்து எதிர்க்கடைப் போர்டைப் படிக்கிறேன், பாருங்கள். ஸ்ரீ கந்தன் சைக்கிள் மார்ட், பஞ்சர் ஒட்டப்படும். கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. அவன் கோட்டுக்கு எவ்வளவு வெளியே இருந்தான் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.

அதாவது, சந்தேகம் என்று ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் அவன் கடைக்கு வந்தான். கையில் தட்டுவடை செட் பார்சல், ஒன்று எனக்கு ஒன்று அவனுக்கு. அம்மாப்பேட்டையில் வாங்கினதாம். கல்லாவில் வைத்தான். நான் தொடவில்லை. எடுத்து அந்தத் தட்டின்மேல் வைத்துவிட்டேன்.

"கோவமாங்கய்யா?"

"கடையில ஆள் இருக்குது. என்ன வேணும்?"

"கோப்பை போயிருச்சுன்னு கோவமா, நான் நடந்துட்டேன்னு கோவமா?"

"என் தீர்ப்பு நாட் அவுட்."

"அவுட்டுங்கய்யா அது."

"நான் நாட் அவுட்டுன்னேன்."

"ஆறு பேர அவுட்டாக்கி நின்னேன். அப்பெல்லாம் நீங்க டீ வாங்கிக் குடுத்தீங்க. நானும் குடிச்சேன்" என்றான். மேலே இருந்த தட்டைப் பார்த்தான். "கோப்பை நானே ஒருநாள் வாங்கித் தர்றேங்கய்யா."

"எப்படி வாங்குவே? நீதான் அவுட் ஆகறியே."

"ஆமாங்க. இனிமே ஆகத்தான் செய்வேன்."

போய்விட்டான். அந்தத் தட்டுவடை அங்கேயே இருந்து நமத்துப் போயிற்று. ராத்திரி எறும்பு வந்தது. வீணாகப் போகிறதே என்று பாதியை நான் தின்றேன். அதை அவனிடம் போய்ச் சொல்லாதீர்கள்.

இந்த வருஷமா? இந்த வருஷம் போர்டில் யார் பேரை எங்கே எழுதுவது என்று அவர்களே பேசி எழுதிக்கொள்கிறார்கள். என்னைச் செக்ரட்டரி என்று கூப்பிடுகிறார்கள், டீ வாங்கித் தருகிறார்கள், போர்டுப் பக்கம் விடுவதில்லை. கலீலை மூன்றாவதாக இறக்குகிறார்கள். பத்தொன்பதை! நீங்கள் விசாரிக்க வந்தவனுடைய இந்த வருஷத்து ஆவரேஜ் என்ன தெரியுமா? முப்பத்தொன்று. எண்பத்தேழு எங்கே, முப்பத்தொன்று எங்கே? அடித்துவிட்டு அவுட் ஆகிறான். பின்னால் வருகிறவனுக்காக அவுட் ஆகிறான். எதிரில் வருகிறவனைக் காப்பாற்ற ஓடி அவுட் ஆகிறான். ஒரு மேட்ச்சில் முதல் பந்திலேயே போய்விட்டுச் சிரித்துக்கொண்டு வருகிறான். வெட்கம் வேண்டாமா?

கிளப்பா? ஏழு மேட்ச் ஆடி ஆறு ஜெயித்திருக்கிறது. முதல் இடம். அது வேறு.

பேப்பரை வைத்துக்கொள்ளுங்கள். தரகரிடம் சொல்லுங்கள், எண்பத்தேழு பொய் என்று. முப்பத்தொன்று என்று எழுதச் சொல்லுங்கள். முப்பத்தொன்றுக்குப் பெண் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். ஒரே பெண்ணா? நர்சு வேலையா? ம். அவளிடமும் கேளுங்கள். நின்ற இடத்தைவிட்டு நகராதவன் வேண்டுமா, பாதி வழியில் மாட்டிக்கொண்டால் ஓடி வருகிறவன் வேண்டுமா என்று. எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஆவரேஜ் மட்டும்.

எழுந்துவிட்டீர்களா? வீடு கிட்டத்தில்தான். மாரியம்மன் கோயில் தாண்டி இரண்டாவது சந்து. மூலையில் தண்ணீர்த் தொட்டி இருக்கும், அதற்கு அடுத்த வீடு. ஞாயிற்றுக்கிழமை, மெடிக்கல் ஷாப் அரைநாள்தான், இந்நேரம் வந்திருப்பான். தாழ்ப்பாள் வேண்டாமா? சும்மாதான் கேட்டீர்களா? எனக்குத் தெரியும்.

என்ன, போகிறபோக்கில் இன்னொரு கேள்வி? அன்றைக்குக் கிளப்பைக் காப்பாற்றினது யாரா? ஊரில் கேட்டால் கலீல் என்பார்கள். ரன் அடித்தவன் அவன்தானே. எட்வினைக் கேட்டால், மேட்ச்சை நிற்கவிடாத வையாபுரி என்பான். நான் சொன்னது நாட் அவுட்தான், நாளைக்குக் கேட்டாலும் நாட் அவுட்தான், அதில் மாற்றம் கிடையாது. ஆனால் நான் பக்கத்தில் நின்றவன். கண் நன்றாகத் தெரிகிறவன். பெண்ணைப் பெற்றவர், இந்த வெயிலில் பஸ் ஏறி வந்து கேட்கிறீர்கள், உங்களிடம் உண்மையை மாற்றிச் சொன்னால் நன்றாக இருக்காது.

கதவைத் தட்டுங்கள். அந்த அம்மா வந்து யார் வேண்டும் என்று கேட்கும். பேரைச் சொல்லிக் கேளுங்கள்.

மாதேஸ்வரன்.